தள்ளிவிட்ட ஆஸ்பத்திரிக் காட்சி

தியேட்டர் கேண்டீனில் வேலை செய்கிறவன் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்ப்பதில்லை. படம் தொடங்கும்போது எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். இடைவேளைக்கு முன்னால் சமோசாவைத் தட்டில் அடுக்கியாக வேண்டும். இடைவேளை முடிந்தால் கிளாஸ் கழுவ வேண்டும். நடுவில் கை ஓய்ந்த நேரத்தில் கதவைத் தள்ளி உள்ளே போய் நின்றுகொள்வேன். மற்றபடி படம் என்பது எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தம்தான். இரண்டு நாள் ஓடினால் எந்த இடத்தில் விசில் வரும், எந்த இடத்தில் பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள், எப்போது பால் அடுப்பில் ஏற வேண்டும் என்பதெல்லாம் காதுக்கே தெரிந்துவிடும்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையில் இரண்டு சீசன் வேலை பார்த்தேன். அலிபிரிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை கழுவினேன். லாரியில் கிளீனராகப் போய், காய்ச்சல் வந்ததும் வழியிலேயே இறக்கிவிடப்பட்டு நடந்தே திரும்பியிருக்கிறேன். எங்கேயும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. யாரும் துரத்தவில்லை, கால் நிற்காது, அவ்வளவுதான். திருப்பதியில் இந்தத் தியேட்டருக்கு வந்தது படுக்க இடம் கிடைத்ததால். கேண்டீனுக்குப் பின்னால் காலி பாட்டில் பெட்டிகள் அடுக்கிய அறை. மழை வந்தால் ஒரு மூலை ஒழுகும். மற்ற மூலையில் படுப்பேன்.

எங்கள் தியேட்டரில் பெண்களுக்கு டிக்கெட் கொடுக்க இன்னும் தனி ஜன்னல் உண்டு. போனில் டிக்கெட் எடுக்கிற காலத்திலும், கிராமத்துப் பெண்கள் அந்த ஜன்னலுக்குத்தான் வருவார்கள். அதற்குள்ளே உட்கார்ந்திருந்தவளைப் பற்றித்தான் இது. முப்பது வயதிருக்கும். நல்ல உயரம். பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பெண். திருப்பதியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்கு வந்தாள். நானும் வீட்டில் தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை அண்ணா என்றாள். எழுதட்டுமா என்று கேட்டபோது, "ஊரு போட்டுக்க. பேரு போடாத. எம்பேரு மட்டும் இல்ல, யாரு பேரும் போடாத" என்றாள். எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள்.

போன வருடம் ஒரு காதல் படம் வந்தது. தெலுங்குப் படம், வசனத்தை நான் தமிழில் எழுதுகிறேன். பணக்காரப் பையன், டான்ஸ் சொல்லிக்கொடுக்கிற பெண். ஒரு பாட்டு சந்திரகிரிக் கோட்டையில் எடுத்தது. நம்ம கோட்டை, நம்ம குளம் என்று அந்தப் பாட்டுக்கு மட்டும் தியேட்டர் இடிகிற மாதிரி விசில். இடைவேளைக்குப் பிறகு அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். டாக்டர் வெளியே வந்து பையனைத் தனியாக அழைத்துப் போய்ச் சொல்கிறார்: அந்தப் பெண் பெண்ணுமில்லை, ஆணுமில்லை, பிறவியிலேயே அப்படி. பையன் சுவரில் முட்டி அழுகிறான். மழை வருகிறது. அவள் ஊரைவிட்டுப் போகிறாள், பஸ் ஸ்டாண்டில் அவன் பிடிக்கிறான், கடைசியில் அவள் அவன் மடியில் சாகிறாள். எதனால் சாகிறாள் என்று படம் சொல்லவில்லை. அப்படிப் பிறந்தவள் கடைசி ரீலில் உயிரோடு இருந்தால் படத்தை முடிக்கத் தெரியாது போல.

இதற்கு முன்னும் காதல் படங்களில் இந்த மாதிரி ஆட்கள் வந்திருக்கிறார்கள். கதாநாயகனைக் கன்னத்தில் கிள்ளிவிட்டு ஓடுகிற ஆளாக, சிரிக்க வைக்க. காதலிக்கிற ஆளாக வந்து நான் பார்த்தது இதுதான் முதல். அதிலும் அழ வேண்டியவள் அவள். காமிரா காட்டியது பூராவும் அவன் முகத்தை.

முதல் நாள் முதல் காட்சியிலேயே அந்த இடம் வந்ததும் கூச்சல். "டேய், ஏமாந்துட்டியேடா!" என்று ஒருத்தன். "ஒம்போதுடா!" என்று இன்னொருத்தன். அதற்கு ஒரு கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நான் கதவோரம் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கக் கதவில் அவள் நின்றிருந்தாள். கவுண்டரை மூடிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குள் விடுதிக்குப் போய்வர வேண்டியவள், பையைத் தோளில் மாட்டியபடி அந்தக் காட்சி முடிகிறவரை அசையாமல் நின்றாள். முடிந்ததும் போய்விட்டாள்.

மறுநாளும் அதே காட்சிக்குச் சரியாக வந்தாள். அதற்கடுத்த நாளும். மூன்றாவது நாள் டீ கொடுக்கும்போது கேட்டேன்.

"ஏம்மா, அந்த ஒரு சீனுக்கு மட்டும் தினம் வந்து நிக்கிற? டாக்டரா நடிச்சவரு சொந்தக்காரரா?"

"டாக்டரு நாசமாப் போவட்டும். அந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லுதே, கேட்டியா?"

நான் கேட்டதில்லை. கூச்சலில் எனக்கு அது காதில் விழவில்லை. அவள் சொன்னாள். டாக்டரும் பையனும் வராந்தாவில் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் கதவைத் திறந்து வந்து டாக்டரைக் கேட்கிறாளாம்: "ஒடம்பு என்னுது. அவருகிட்ட ஏன் சொல்றீங்க? எங்கிட்ட சொல்லுங்க."

"அது ஒண்ணுதாண்ணா அந்தப் படத்துல நெஜம்" என்றாள். "அதுக்குத்தான் வரேன்."

பிறகு டீயைக் குடித்தாள். மற்றதையெல்லாம் அவளாகத்தான் சொன்னாள். மழை பெய்துகொண்டிருந்தது. மேட்னிக்குப் பத்து ஆள்கூட இல்லை.

அவளோடு படித்த பெண்களெல்லாம் வயதுக்கு வந்து சடங்கு முடிந்துவிட்டது. இவளுக்கு வரவில்லை. ஒவ்வொரு சடங்குக்கும் இவள் அம்மா தட்டு தூக்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டிலும், "ஒங்க வூட்டுல எப்ப?" என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு, ஒரு நாள் அம்மா இவளை உள்ளே கூப்பிட்டு, "நாளைக்கு உக்கார வைக்கப் போறோம். யாராவது கேட்டா வயிறு நோவுதுன்னு சொல்லு" என்றார். தாய்மாமன் ஓலை கொண்டுவந்து குடிசை கட்டினார். பிச்சாட்டூர் ரோட்டில் இவள் படம் போட்டு பிளெக்ஸ் வைத்தார்கள். வராத ஒன்றுக்கு இவள் குடிசைக்குள் உட்கார்ந்தாள். சிநேகிதிகள் வந்து, "நோவுதாடி?" என்று கேட்டால், "நோவுது" என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

"அந்த மாதிரி எந்த ஈரோயினும் நடிச்சிருக்க மாட்டா" என்று சிரித்தாள். "எங்கம்மா கண்ணுல தண்ணி வச்சிக்கினு நலங்கு வச்சிது. பாத்தவங்கல்லாம் பூரிப்புல அழுவுதுன்னாங்க."

அடுத்த வருடம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் இவள் அப்பாவையும் மாமனையும் வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். இவளிடம் கட்டி என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கட்டி என்னவென்று இவளுக்குத் தெரிந்தது இருபத்திரண்டு வயதில், வேறு ஒரு ஆஸ்பத்திரியில், ஒரு லேடி டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு இவள் முகத்தைப் பார்த்துச் சொன்னபோது. கர்ப்பப்பை கிடையாது. உள்ளே இருந்து எடுத்தது ஆண்களுக்கு இருக்கிற சுரப்பி. வெளியே பார்க்க, வளர, நினைக்க எல்லாம் பெண்தான். எலும்பு தேயாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். இப்படிப் பிறக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இது நோய் இல்லை என்று அந்த டாக்டர் சொன்னாராம். இடைப்பாலினம் என்று இதற்கு ஒரு பேர் இருப்பதைப் பிற்பாடு இவளே போனில் தேடித் தெரிந்துகொண்டாள்.

"அப்ப திருநங்கைங்க?" என்று கேட்டேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

"அவங்க வேறண்ணா. அவங்களுக்கு ஒடம்பு ஒண்ணு, மனசு ஒண்ணு. எனக்கு மனசுல கொழப்பமே இல்ல. ஒடம்பு உள்ள மட்டும் வேற மாதிரி செஞ்சி வச்சிக்கீது. ஆனா ஊருக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். திட்றதுக்கு ஒரே வார்த்த."

எங்கள் தியேட்டருக்குத் திருநங்கைகள் நான்கைந்து பேர் வருவார்கள். ஆண்கள் வரிசையில் நின்றால் பையன்கள் தொந்தரவு. பெண்கள் வரிசையில் நின்றால் பெண்கள் நகர்ந்து நிற்பார்கள். இவள் ஜன்னலில் மட்டும் பேச்சு இருக்காது. கை நீட்டினால் டிக்கெட் வரும். இந்தப் படத்துக்கும் வந்தார்கள். வெளியே வந்து என்னிடம் டீ வாங்கிக் குடித்த ஒருத்தர் சொன்னார்: "எங்கள வச்சி சிரிப்பாங்க. இப்ப இந்தப் படத்துப் பொண்ண வச்சி அழுதுட்டாங்க. வூட்டுக்குப் போயி யாரையும் சேத்துக்க மாட்டாங்க."

படம் வந்து ஐந்தாறு நாளில் அந்தக் காட்சியால் சண்டை வந்தது. குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் கூச்சல் போட்டவனை அடிக்கப் போய், நாற்காலி ஒன்று உடைந்தது. முதலாளி ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "அந்த எடத்தத் தள்ளி விட்டுடு" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். எங்கள் தியேட்டரில் காட்சியைத் தள்ளி விடுவது தினப்படி வேலை. கம்ப்யூட்டரில் ஓடுகிற படம்தான். ஆனாலும் ஆபரேட்டர் நினைத்தால் ஒரு பாட்டைத் தாண்டி அடுத்த காட்சிக்குப் போய்விடலாம். பிச்சாட்டூர்ப் பக்கம் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர்களுக்காக முதல் ஆட்டத்தில் எப்போதும் ஒரு சோகப் பாட்டு போகும். ஜனங்களும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இப்போது ஆஸ்பத்திரியே போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்ப்பது வேடிக்கையாக இருந்தது. அந்தப் பெண் தலைவலி என்று காரில் ஏறுவாள். அடுத்த நிமிடம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுவாள். அவன் முட்டிய சுவரைக் காணோம், நெற்றியில் மட்டும் பிளாஸ்திரி. இடைவேளை முடிந்தும் சமோசா வாங்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள்.

"இன்னாப்பா, அந்தப் பொண்ணுக்கு கேன்சரா?"

"அதெல்லாம் இல்ல. அவளுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருக்கும்."

"வேற சாதியா இருக்கும்பா. அதான் ஓடுறா."

ஆளுக்கு ஒரு நோயும் ஆளுக்கு ஒரு சாதியும் சொல்லிவிட்டு, கடைசியில் அவள் சாகும்போது எல்லோரும் நன்றாக அழுதார்கள். காரணம் தெரியாத சாவு என்றால் யாருக்கும் கஷ்டமில்லை.

அவளுக்கு மட்டும் கஷ்டம். அது எதனால் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போகிற பஸ் டிரைவர். திருவள்ளூர்ப் பக்கத்து ஆள். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்ததில் தனக்கு வயது போய்விட்டவர். ஆறு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று மாத்திரை சாப்பிடுவதைப் பார்த்து அவர் கேட்டபோது, "ரத்தம் கம்மி" என்று இவள் அம்மா சொல்லிவிட்டார். கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம், குழந்தை இல்லாத வீடு இல்லையா என்பது அம்மாவின் யோசனை.

"ஒரு தடவ நடிச்சது போதும்ணா" என்றாள். "ஆனா வாய் வர மாட்டேங்குது. போன எடுத்தா பேச்சு வேற எங்கியோ போவுது. அதான், அவர இட்னு வந்து இந்தப் படத்தக் காட்டலாம்னு இருந்தேன். படம் சொல்லிடும், அப்புறம் நான் ஆமான்னு சொன்னாப் போதும்னு. இப்ப அந்த எடத்தையே எடுத்துட்டாங்க."

ஆபரேட்டர் ரூமுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வயதானவர், தெலுங்குக்காரர். அவரை அவள் பாபாய் என்பாள், தெலுங்கில் சித்தப்பா.

"பாபாய், ஒரே ஒரு மேட்னிக்கு அந்த ஆஸ்பத்திரி சீன் போடுங்க."

"ஒத்தம்மா, வேணாம். ஓனர் திட்டுவார்."

"எனக்கு வேண்டியவரு வராரு. அவரு முழுப் படம் பாக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. "மங்களவாரம்" என்றார். செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு முதலாளி வரமாட்டார்.

இறங்கி வரும்போது நான் சொன்னேன். "கத்துவானுங்கம்மா. அவரு பக்கத்துல உக்காந்துக்கினே எவனாவது அந்த வார்த்தய சொல்லுவான்."

"சொல்லட்டும். என்னக் கட்டினா அவரு அதத் தெருவுல கேக்கணும். மொதல்ல ஏசியில உக்காந்து கேட்டுப் பாக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். கட்டையான ஆள், சலவை செய்த சட்டை, கண் சிவந்திருந்தது. விடிகாலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிவிட்டு, நேராகக் குளித்து வந்திருந்தார். என்னிடம், "பிரதர், டீ ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று இரண்டு டீ குடித்துவிட்டு உள்ளே போனார். சந்திரகிரிக் கோட்டைப் பாட்டுக்கு அவரும் விசில் அடித்ததைப் பார்த்தேன். இடைவேளையில் சமோசா வாங்கினார், அவளுக்கும் ஒன்று ஜன்னலுக்குள் கொடுத்தார்.

அந்தக் காட்சி நெருங்கியபோது நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதவுக்குப் போனேன். அவள் எதிர்க்கதவில். டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். சொன்னார். பின்வரிசையில் ஒரு பையன் அந்த வார்த்தையைக் கத்தினான்; பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கூட்டம் குறைவு, அதனால் அவ்வளவோடு போயிற்று. கதவைத் திறந்து அந்தப் பெண் வந்தாள். முதல்முறையாக அவள் கேட்டது எனக்கும் தெளிவாகக் கேட்டது. திரை வெளிச்சத்தில் டிரைவரைத் தேடினேன். தலை வலது தோளில் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. நல்ல தூக்கம்.

எதிர்க்கதவிலிருந்து அவள் நாலு வரிசை கீழே இறங்கிப் போனாள். அவர் தோள்மேல் கை வைக்கப் போனாள். வைக்கவில்லை. திரும்பி மேலே வந்து வெளியே போய்விட்டாள்.

படம் முடிந்து விளக்கு போட்டதும் அவர் எழுந்து, எல்லோரோடும் சேர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். கேண்டீனில் ஒரே ஒரு பெஞ்ச். அதில் அவர் உட்கார்ந்தார். அடுத்த ஆட்டத்துக்குக் கவுண்டர் திறக்க நேரமிருந்ததால் அவளும் வந்து உட்கார்ந்தாள். நான் மூன்று அடி தள்ளி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எழுந்து போகலாமா என்று பார்த்தேன். இரு என்று அவள் கண்ணைக் காட்டினாள்.

"படம் நல்லாக்கீது. பாட்டு சூப்பர்" என்றார் அவர்.

"தூங்கினீங்களே."

"இல்லியே."

"கொறட்ட வுட்டீங்க."

"சத்தமாவா?" அவர் என்னைப் பார்த்தார். நான் மாவைப் பார்த்தேன். "நைட் டூட்டிம்மா. கொஞ்சம் அசந்துட்டேன். ஆமா, அந்தப் பொண்ணு ஏன் செத்துச்சி?"

"சாவல."

"மடியில செத்துச்சே, பாத்தேனே."

"அது இவங்க எடுத்தது. நான் சொல்றேன் கேளுங்க." அவள் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு வயசுக்கு வரல. ஆஸ்பத்திரிக்கு இட்னு போறாங்க. டாக்டரு உள்ள கூப்டு, உக்கார வச்சி, அவகிட்டதான் சொல்றாரு. ஒனக்குக் கர்ப்பப்பை இல்ல, கொழந்த ஆவாது, மத்தபடி நீ நல்லாக்கீற, மாத்திர துன்னுன்னு. அவ அழுவறா. ஒரு வாரம் அழுவறா. அப்புறம் பசிக்குது, சோறு துன்றா. வேலைக்குப் போறா. டான்ஸ் சொல்லித் தரல, வேற வேல. மழ கிழ வரல. ஒருத்தர அவளுக்குப் புடிக்குது."

"அந்த ஈரோ."

"ஈரோ இல்ல. ஒருத்தரு."

"அப்ப அவன் இன்னா பண்ணான்?"

"அது இன்னும் எடுக்கல."

அவர் சிரிக்க வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டீயைப் பெஞ்சில் வைத்தார்.

"ரத்தம் கம்மின்னு ஒங்கம்மா சொன்னாங்களே."

"பொய்."

"நோவா?"

"நோவு இல்ல. பொறப்பு."

"கொழந்த?"

"ஆவாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஆவாது. எங்க சொந்தத்துல சில பேரு என்ன இன்னா பேரு சொல்லிக் கூப்புடுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாது. ஒங்க தெருவுலயும் கூப்புடுவாங்க. நீங்க தூங்கிக்கினு இருந்தப்ப பின்னாடி ஒருத்தன் அதத்தான் கத்தினான்."

"எழுப்பியிருக்கலாம் இல்ல" என்றார் அவர். அதைக் கோபமாகத்தான் சொன்னார். எழுந்து, "பஸ் எடுக்கணும்" என்று போய்விட்டார். டீ பாதி அப்படியே இருந்தது.

சில நாள் போன் வரவில்லை. அவள் ஜன்னலில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் திரும்பக் கொண்டு போவாள். நான் சமோசா வைத்தால், "ஒரே எண்ணெ" என்று தள்ளிவிடுவாள். நான் ஸ்ரீகாளஹஸ்திப் பக்கம் ஒரு ஓட்டல் வேலைக்குப் போகலாம் என்று பேசி வைத்திருந்தேன். போகவில்லை. இது என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை படம் மாறியது. காதல் படம் போய், முழுக்க வெட்டுக்குத்துப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அவர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் போஸ்டரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ரத்தம் சொட்டுகிற அரிவாள்.

"பிரதர், அந்தப் படம்?"

"மாறிடுச்சு."

"எங்கம்மாவுக்குக் காட்டலாம்னு இட்னு வந்தேனே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே மாதிரி சினிமாவைத் தூது அனுப்பப் பார்த்ததற்கு வேறென்ன செய்வது? "நீங்களே சொல்லிடுங்க சார்" என்றேன். "படத்தவிட நல்லாத்தான் இருக்கும்."

அந்த அம்மா ஒடிசலாக, வாயில் வெற்றிலையோடு, "இன்னாடா அவங்கிட்ட பேச்சு? படம் போட்டுட்டான் பாரு" என்று அவசரப்படுத்தினார். அவர் அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்தார். எழுந்தார், உட்கார்ந்தார். பிறகு சொன்னார். தட்டுத்தடுமாறி, அவள் சொன்ன அளவு நன்றாக இல்லாமல், ஆனால் எதையும் விடாமல் சொன்னார்.

அந்த அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"இதுக்கா என்ன சினிமாக் கொட்டாய்க்கு இட்னு வந்த? வூட்டுலயே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்ல வரலம்மா."

"ஒனக்கு இன்னாடா வேணும்? அத மொதல்ல சொல்லு."

"அவதான் வேணும்."

"அப்ப என்ன எதுக்குக் கேக்கற?" என்று எழுந்து நேராகப் பெண்கள் வரிசைக்குப் போனார். வரிசையில் நின்றே போனார். முறை வந்ததும் ஜன்னலில் குனிந்து, "டிக்கெட் வேணாம். மூடிட்டு வா, பேசணும்" என்றார்.

அவள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அந்த அம்மா பெஞ்சில் தன் பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

"மாத்திர தெனமும் துன்னணுமா?"

"ஆமாம்மா."

"ஆயுசுக்குமா?"

"ஆமா."

"வேலைய வுட்டுடுவியா?"

"வுடமாட்டேன்."

அந்த அம்மா இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்து மடித்தார். உள்ளே யாரோ யாரையோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

"பாரு கண்ணு, எனக்குப் பேரன் பேத்தி ஆச கீது. எனக்கு இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். மனச மாத்திக்கணும். ஒரே நாள்ல வராது. டைம் குடு."

"எடுத்துக்குங்கம்மா" என்றாள் அவள். "வரலன்னாலும் சொல்லிடுங்க. எங்கிட்டயே சொல்லுங்க."

அம்மாவும் பிள்ளையும் படம் பார்க்காமலே போனார்கள்.

அதற்குப் பிறகு டிரைவர் வாரம் ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போவார். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டால், "ஒண்ணும் சொல்லல. சோறு போடுது" என்பார். அவளுடைய அம்மா ஒருநாள் பிச்சாட்டூரிலிருந்து வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று, "குடும்ப மானத்த ரோட்டுல போட்டியேடி" என்று சத்தம் போட்டார். "வரிசையில நில்லும்மா, பின்னாடி ஆள் கீது" என்று அவள் சொல்லிவிட்டாள். அம்மா போனபின் ஆபரேட்டர் ரூமில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

மழைக்காலம் தொடங்கி, பண்டிகைக்குப் பெரிய படம் ஒன்று வந்தது. பெண்கள் வரிசை தெருவரை நின்றது. நான் அவளுக்கு டீ கொண்டுபோயிருந்தேன். போன் அடித்தது. ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏ பொண்ணு, நான்தான்." அந்த அம்மா. "ஒன் ஜாக்கெட் அளவு இன்னா? தையக்காரன் ஊருக்குப் போறானாம், இன்னிக்கே துணி குடுக்கணும்ன்றான்."

அவள் டிக்கெட்டையும் சில்லறையையும் கீழே வைத்தாள்.

"ஏ, கீறியா? கூரப் புடவைக்குத் தனி ஜாக்கெட்டு, மறு வீட்டுக்கு ஒண்ணு. கை முட்டி வரைக்குமா, குட்டையா?"

"முட்டி வரைக்கும்" என்றாள்.

"அளவு சொல்லு."

"முப்பத்தாறு."

"முப்பத்தாறா? நீ ஒல்லியால்ல கீற? சரியாச் சொல்லு, ரெண்டாவது தடவ தைக்க எங்கிட்ட துணி இல்ல."

"முப்பத்தாறுதாம்மா" என்று அவள் கத்தினாள். முகம் பூராவும் ஈரம். முன்னால் நின்ற ஒரு பெண், "எம்மா, அளவெல்லாம் அப்புறம் குடு, மொதல்ல எனக்கு நாலு டிக்கெட் குடு, பாட்டு போட்டுட்டான்" என்றாள்.

அவள் மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணு" என்று கையை உள்ளே நீட்டினாள்.